குளிர்காலத்துல வீட்லயே சிக்கன் சூப்: முதல் தடவை வைக்கிறவங்களுக்கு

சிக்கன் சூப் வைக்க பெரிய சமையல் அனுபவம் எல்லாம் வேணாம், அடுப்பை சிம்ல வச்சுட்டு பொறுமையா இருக்கத் தெரிஞ்சா போதும். ஆனா புதுசா வைக்கிறவங்க முக்காவாசிப் பேர் என்ன பண்றாங்கன்னா, கோழி, காய், உப்பு, மிளகு எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாத்திரத்துல கொட்டி ஒரு மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டுர்றாங்க. கடைசில நெஞ்சுக்கறி சக்கையா நார் நாரா போயிருக்கும், கேரட் குழைஞ்சு போயிருக்கும், எலும்புல இருந்து இறங்க வேண்டியது மட்டும் பாதிகூட இறங்கியிருக்காது. எலும்புக்கு வேண்டிய நேரம் வேற, கறிக்கு வேற, காய்க்கு வேற, இது மண்டைல ஏறிட்டா மீதி எல்லாமே சுலபம். கீழ சொல்றது எல்லாம் இதைச் சுத்தித்தான்.

மொத்தமா ரெண்டரை மணி நேரம் ஆகும், பயந்துராதீங்க, அதுல நீங்க நின்னு வேலை பார்க்கிறது அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும், மத்த நேரம் அடுப்பு பார்த்துக்கும். சாயங்காலம் வேலை முடிச்சு வந்து அவ்ளோ நேரம் இல்லன்னா குக்கர் வழியும் இருக்கு, அதையும் சொல்றேன்.

கோழி வாங்குறப்ப

நாலு பேர் ராத்திரி வயிறு நிறைய சாப்பிட்டு கொஞ்சம் மிச்சமும் இருக்கணும்னா ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை கிலோ வரைக்கும் எலும்போட இருக்க கோழி வேணும். எலும்பு இல்லாத நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கி சூப் வைக்கிறேன்னு கிளம்பாதீங்க, கறி வெந்த தண்ணிதான் கிடைக்கும். சூப்புக்கு அந்த கெட்டித்தன்மையும், உதட்டுல லேசா ஒட்டுற தன்மையும் வர்றது கொலாஜன்ங்கிற புரதத்துல இருந்து. அது எலும்பு மூட்டு, குருத்தெலும்பு, தோல், இறக்கை, கழுத்து, கால் இங்கெல்லாம்தான் நிறைய இருக்கு. மெதுவான சூட்டுல ரொம்ப நேரம் கிடந்தா அது ஜெலட்டினா மாறி தண்ணில கரையும். அதனால முழுக் கோழியை துண்டு போட்டு வாங்குங்க, கழுத்தையும் முதுகெலும்பையும் தூக்கிப் போட்டுராம கேட்டு வாங்கிக்கோங்க. கோழிக்கால் கிடைச்சா ரெண்டு மூணு சேர்த்துக்கலாம், பார்க்கப் பிடிக்காதவங்க இருந்தா பரவால்ல, எப்படியும் வடிகட்டிருவோம், தட்டுக்கு வராது.

வயசான கோழில ருசி ஜாஸ்தி, ஆனா கறி வேக ரொம்ப நேரம் எடுக்கும். முதல் தடவைக்கு சாதாரண இளங்கோழியே போதும்.

உறைஞ்ச கோழின்னா முந்தின நாளே ஃப்ரீசர்ல இருந்து எடுத்து கீழ ஃப்ரிட்ஜ்ல வைங்க, முழுக் கோழி இளக கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். சமையல் மேடைல வெளில வச்சு உருக விடுறது வேணாம், உள்ள ஐஸா இருக்கறப்பவே வெளிப்பக்கம் கிருமி பெருக ஆரம்பிச்சிரும்.

கழுவலாமா வேணாமா

இதுல சண்டையே நடக்கும். பச்சைக் கோழியை குழாய்க்கு அடில காட்டிக் கழுவாதீங்கன்னுதான் பல நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைகளும் சொல்லுது. காரணம், கழுவுறதால கோழி மேல இருக்க சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரி கிருமிகள் சாகாது, தெறிக்கிற தண்ணியோட சேர்ந்து சிங்க், பக்கத்துல இருக்க தட்டு, நறுக்கி வச்ச காய்னு எல்லா இடத்துக்கும் போயிரும். சாகடிக்கிறது சூடுதான். கழுவாம சமைக்க மனசே வரலன்னா ஒரு வழி இருக்கு, துண்டுகளை பாத்திரத்துல போட்டு முங்குற அளவு தண்ணி ஊத்தி ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு அந்தத் தண்ணியைக் கொட்டிருங்க, நுரையும் ரத்தமும் அதோட போயிரும், சூப்பும் தெளிவா வரும். கொஞ்சம் ருசி போகும், அவ்ளோதான். அப்புறம் கோழி வெட்டின பலகைலயே காய் வெட்டாதீங்க, கையை சோப்பு போட்டு 20 செகண்டாவது தேய்ச்சுக் கழுவுங்க.

அடுப்புல ஏத்துறது

பெரிய பாத்திரம் எடுங்க, 5 லிட்டர் பிடிக்கிறதா இருந்தா நிம்மதி. கோழித் துண்டுகளைப் போட்டு பச்சைத் தண்ணி ஊத்துங்க, ரெண்டரைல இருந்து மூணு லிட்டர், கோழி முங்கி அதுக்கு மேல ரெண்டு விரல் தண்ணி நிக்கணும். அதுக்கு மேல ஊத்தினா நீர்த்துப் போகும். சுடுதண்ணி ஊத்தி நேரத்தை மிச்சம் பண்ணலாம்னு தோணும், வேணாம். பச்சைத் தண்ணில ஆரம்பிச்சு மெதுவா சூடேறினா கோழில இருந்து கரையுற புரதம் மெதுவா திரிஞ்சு பெரிய பெரிய நுரையா மேல வரும், கரண்டியால எடுத்துரலாம். கொதிக்கிற தண்ணில போட்டா அது சின்னச் சின்னத் துகளா உடைஞ்சு சூப் முழுக்க கலங்கிரும்.

சாம்பல் கலர்ல வர்ற அந்த நுரை அழுக்கு இல்ல, புரதம்தான், வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா எடுத்துட்டா சூப் பார்க்க நல்லா இருக்கும். முதல் 10, 15 நிமிஷம் பக்கத்துலயே நின்னு எடுங்க, இந்தச் சூப்புல நீங்க கவனமா நிக்க வேண்டிய நேரம் இதுதான்.

கொதி வரப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே அடுப்பை சிம்முக்கு கொண்டு வாங்க. ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு சோம்பேறித்தனமா குமிழ் வரணும், 85ல இருந்து 95 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். தளதளன்னு கொதிக்க விட்டா மேல மிதக்குற கொழுப்பு நுண்ணிய துளியா உடைஞ்சு தண்ணியோட கலந்துரும், அப்புறம் அதைப் பிரிச்சு எடுக்கவே முடியாது, சூப்பும் பால் கலந்த மாதிரி வெளுத்து பிசுபிசுன்னு ஆயிரும். கொழுப்பு கம்மியா வேணும்னு நினைக்கிறவங்க முக்கியமா இதைக் கவனிக்கணும். மூடியை முழுசா மூடாம கொஞ்சம் திறந்து வைங்க, மூடினா உள்ள சூடு ஏறி நீங்க பார்க்காத நேரத்துல கொதிச்சிரும்.

வாசனைக்குப் போடுறது

நுரை எடுத்து முடிச்சதும் இதெல்லாம் போடலாம். ஒரு பெரிய வெங்காயம் ரெண்டா வெட்டினது (நல்லா கழுவி தோலோடயே போடுங்க, அந்தக் காய்ஞ்ச தோல்ல இருந்து பொன் கலர் இறங்கும்), ஒரு கேரட் பெரிய துண்டா, செலரி கிடைச்சா ரெண்டு தண்டு, கட்டை விரல் அளவு இஞ்சி நசுக்கினது, 6, 7 பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் முழு மிளகு, பிரியாணி இலை ஒண்ணு, கொத்தமல்லித் தண்டோ பார்ஸ்லி தண்டோ ஒரு கைப்பிடி. இதுல ரெண்டு மூணு இல்லன்னாலும் சூப் சூப்தான். காளானோட காம்பு, தக்காளி அரைத் துண்டு போட்டா ருசி இன்னும் ஆழமா இருக்கும்.

முட்டைகோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி இதெல்லாம் இந்தக் கட்டத்துல போடவே போடாதீங்க. ரொம்ப நேரம் வெந்தா கந்தக வாடை அடிக்கும், வீடு முழுக்க அதுதான் மணக்கும்.

உப்பு இப்ப வேணாம். இன்னும் ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல தண்ணி வத்தும், இப்ப சரியா போட்ட உப்பு அப்ப கரிக்கும்.

கறியை முன்னாடியே எடுத்துருங்க

இதுதான் நான் ஆரம்பத்துல சொன்ன விஷயம், பல பேர் விட்டுர்றதும் இதைத்தான். நெஞ்சுக்கறி உள்ள 74 டிகிரி செல்சியஸ் வந்தாலே வெந்தாச்சு, பாதுகாப்பாவும் ஆயாச்சு, அதுக்கு மேல போற ஒவ்வொரு நிமிஷமும் அது காய்ஞ்சுட்டேதான் இருக்கும், தண்ணிக்குள்ளயே கிடந்தாலும் காயும். சிம்ல வச்சா எலும்போட இருக்க நெஞ்சுத் துண்டு 20, 25 நிமிஷத்துல வெந்துரும், தொடையும் காலும் 35ல இருந்து 40 நிமிஷம். துண்டு பெருசா இருந்தா இன்னும் கொஞ்சம் கூட. தெர்மாமீட்டர் இருந்தா குத்திப் பாருங்க, அதுதான் நம்பகமானது. இல்லன்னா இருக்கறதுலயே தடிமனான துண்டை எடுத்து எலும்பு வரைக்கும் கீறிப் பாருங்க, உள்ள பளபளன்னு பச்சையா எதுவும் தெரியக்கூடாது. எலும்பை ஒட்டி லேசா சிவப்பா இருக்கறது இளங்கோழில சகஜம், அது எலும்பு மஜ்ஜைல இருந்து வர்ற நிறம், ஆனா முதல் தடவைன்னா சந்தேகம் வந்தா இன்னும் 5 நிமிஷம் விட்டுருங்க, ஒண்ணும் குடி முழுகிப் போகாது.

வெந்த துண்டுகளை எடுத்து தட்டுல வச்சு, கை தாங்குற சூட்டுக்கு வந்ததும் கறியைப் பிய்ச்சு எடுங்க. எலும்பு, தோல், குருத்தெலும்பு எல்லாம் திரும்பவும் பாத்திரத்துக்குள்ளயே போகணும், அதை இன்னும் ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் சிம்ல விடுங்க. பிய்ச்ச கறி மேல ரெண்டு கரண்டி சூப்புத் தண்ணி ஊத்தி மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, காயாம இருக்கும்.

எலும்பு வேகுற நேரத்துல வேற வேலை பாருங்க, பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுங்க, தூங்கிராதீங்க.

குக்கர்ல வைக்கிறதா இருந்தா

குக்கர்லயும் இதே கதைதான். முதல்ல மூடாம கறியை வேக வச்சு எடுத்துட்டு, எலும்பையும் வாசனைப் பொருளையும் மட்டும் தண்ணியோட விட்டு மூடுங்க, மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பக்கூடாது. பிரஷர் வந்ததும் சிம்ல 35, 40 நிமிஷம். விசில் கணக்கு எல்லாம் வேணாம், நிமிஷக் கணக்கு வச்சுக்கோங்க. அழுத்தம் தானா இறங்குற வரைக்கும் காத்திருங்க, அவசரப்பட்டு ஆவியை எடுத்துவிட்டா உள்ள சட்டுன்னு பொங்கிக் கொதிச்சு எல்லாம் கலங்கிரும். உள்ள 120 டிகிரிக்கு பக்கத்துல சூடு போறதால எலும்புல இருந்து நல்லாவே இறங்கும், ருசில பெருசா குறை சொல்ல முடியாது.

வடிகட்டி கொழுப்பை எடுக்குறது

பெரிய வடிகட்டில வடிகட்டுங்க. வெந்து சத்தெல்லாம் போன காயையும் எலும்பையும் தூக்கிப் போட்டுருங்க, அந்தக் கேரட்டை சாப்பிட்டுப் பாருங்க, ஏன் தூக்கிப் போடச் சொல்றேன்னு தெரியும். சின்ன எலும்புச் சில்லு தங்கிரும், அதனால குழந்தைங்க குடிக்கிற வீடுன்னா கண் சின்னதா இருக்க வடிகட்டில இன்னொரு தடவை வடிகட்டுறது நல்லது.

10 நிமிஷம் அசையாம வச்சா கொழுப்பு மேல மஞ்சளா திரண்டு நிக்கும், தட்டையான கரண்டியால வழிச்சு எடுக்கலாம். முழுசா எடுக்க வேணாம்னு நான் சொல்வேன், வாசனை நிறைய அதுலதான் இருக்கு, மேல நாலஞ்சு சொட்டு மினுங்குனா பார்க்கவும் நல்லா இருக்கும். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தா முந்தின நாளே இதுவரைக்கும் செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, காலைல கொழுப்பு மேல கட்டியா உறைஞ்சிருக்கும், அப்படியே பெயர்த்து எடுத்துரலாம். கீழ சூப் ஜெல்லி மாதிரி தளும்பினா கெட்டுப் போச்சுன்னு கொட்டிராதீங்க, ஜெலட்டின் நல்லா இறங்கியிருக்குன்னு அர்த்தம், சூடு பண்ணா திரும்ப தண்ணியாயிரும்.

இப்பதான் சாப்பிடுற காய்

தெளிஞ்ச சூப் ரெண்டு லிட்டர் சொச்சம் கைல இருக்கும். அதை திரும்ப அடுப்புல ஏத்தி காயைப் போடுறப்ப மெதுவா வேகுறது முதல்ல, சீக்கிரம் வேகுறது கடைசில. உருளைக்கிழங்கு சின்னச் சதுரமா வெட்டினா 12, 15 நிமிஷம், கேரட் 10, பீன்ஸ் 7, 8, ஸ்வீட் கார்ன், காளான் எல்லாம் 5, பட்டாணி 3, கீரை ஒரு நிமிஷம். அப்படின்னா உருளை போட்டு 5 நிமிஷம் கழிச்சு கேரட், இன்னும் கொஞ்சம் கழிச்சு பீன்ஸ்னு பின்னாடி இருந்து கணக்குப் போட்டுக்கோங்க. எல்லாம் ஒண்ணா வெந்து முடியும். காயை தாராளமா போடுங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு கைப்பிடி வர்ற மாதிரி, இது ராத்திரி சாப்பாடா நிக்கணும்னா வெறும் தண்ணி பத்தாது.

கெட்டியா வேணும்னு சில பேர் கார்ன்ஃப்ளார், கிரீம் எல்லாம் ஊத்துவாங்க. அதுக்குப் பதிலா வெந்த உருளையும் கேரட்டும் ரெண்டு கரண்டி எடுத்து ஆறவிட்டு மிக்ஸில அடிச்சு திரும்ப ஊத்திப் பாருங்க, கெட்டியாவும் ஆகும், காய் சாப்பிடாத பிள்ளைங்க வயித்துக்குள்ளயும் காய் போயிரும்.

நூடுல்ஸ், பாஸ்தா, சாதம், பார்லி எது சேர்க்கிறதா இருந்தாலும் தனியா வேக வச்சு குடிக்கிற கிண்ணத்துல போட்டு மேல சூப்பை ஊத்துங்க. சூப்புக்குள்ளயே வேக வச்சா முதல் ரவுண்டு நல்லாத்தான் இருக்கும், அரை மணி நேரம் கழிச்சு ரெண்டாவது தடவை வாங்க வர்றவருக்கு சூப்பே இருக்காது, எல்லாத்தையும் அது குடிச்சிட்டு ஊதிப் போய் உக்காந்திருக்கும்.

கடைசில பிய்ச்சு வச்ச கறியைப் போட்டு நல்லா சூடேறுற வரைக்கும், ரெண்டு மூணு நிமிஷம். அதுக்கு மேல வேணாம்.

உப்பு, புளிப்பு

வீட்டு சூப் கடை சூப்பை விட உடம்புக்கு நல்லதா இருக்க பெரிய காரணமே உப்பு உங்க கைல இருக்கறதுதான். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழதான் உப்பு இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது தட்டையா ஒரு டீஸ்பூன்கூட வராது, நாள் முழுக்க சாப்பிடுற எல்லாத்துக்கும் சேர்த்து. ரெண்டு லிட்டர் சூப்புக்கு தட்டையா முக்கால் டீஸ்பூன்ல ஆரம்பிங்க, கலக்கி ஒரு நிமிஷம் விட்டு ருசி பாருங்க. சப்புன்னு இருந்தா உடனே உப்பு டப்பாவுக்குப் போகாதீங்க, அடுப்பை அணைச்சுட்டு அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க. முக்காவாசி நேரம் குறைஞ்சிருக்கறது உப்பு இல்ல, புளிப்புதான். அப்புறமும் பத்தலன்னா ஒரு சிட்டிகை உப்பு, புதுசா இடிச்ச மிளகு.

சூப் க்யூப் போடலாமான்னு கேப்பாங்க. பாக்கெட் பின்னாடி திருப்பிப் பாருங்க, பல க்யூப்ல முதல் பொருளே உப்பாத்தான் இருக்கும். இவ்ளோ நேரம் எலும்பை வேக வச்சுட்டு அதைப் போடுறதுக்கு, முதல்லயே வெந்நில அதைக் கரைச்சுக் குடிச்சிருக்கலாம்.

ஒரு வயசுக்கு உள்ள குழந்தைக்கு உப்பு சேர்க்கக்கூடாது, அதனால உப்பு போடுறதுக்கு முன்னாடியே அதுக்குனு தனியா எடுத்து வச்சிருங்க. பிரஷர் இருக்க பெரியவங்களுக்கும் இப்படி எடுத்து வச்சு எலுமிச்சை, மிளகு மட்டும் போட்டுக் குடுக்கலாம்.

சளிக்கு கேக்குமா

குளிர்காலம்னா இந்தக் கேள்வி வராம இருக்காது. 1978ல அமெரிக்கால மயாமி பீச்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, சூடான சிக்கன் சூப் குடிச்சப்ப மூக்குச் சளி நகர்ற வேகம் கூடுச்சுன்னு பார்த்தாங்க, பச்சைத் தண்ணிக்கு அப்படி ஆகல. 2000ல நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துல ஸ்டீபன் ரென்னார்ட் குழு சிக்கன் சூப் சில வெள்ளை அணுக்களோட நகர்வைக் குறைக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, சளி வந்தா வர்ற வீக்கம் இதனால குறையலாம்னு யோசிச்சாங்க. ஆனா அது ஆய்வுக்கூடத்துல பண்ண சோதனை, மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்த்தது இல்ல. அதனால சளி பிடிச்சவங்களுக்கு சூடான திரவம், கொஞ்சம் புரதம், தொண்டைக்கு இதம், இது கிடைக்கும்னு சொல்லலாம். மருந்துன்னு சொல்லிராதீங்க, காய்ச்சல் விடலன்னா டாக்டரைப் பாருங்க.

மிச்சத்தை வைக்கிறது

பாத்திரத்தை அப்படியே அடுப்பு மேல விட்டுட்டு தூங்கப் போறது பல வீட்ல நடக்குது, காலைல கொதிக்க வச்சா சரியாயிரும்னு நினைப்பு. சரியாகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி வேகமா பெருகும், பெரிய பாத்திரம் நிறைய சூப் அந்தச் சூட்டுல மணிக்கணக்கா நிக்கும், சில கிருமி விடுற நஞ்சு கொதிக்க வச்சாலும் போகாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போகணும். சூடா பெரிய பாத்திரத்தோட வைக்காம, ஆழம் கம்மியா இருக்க டப்பாக்கள்ல பிரிச்சு ஊத்துங்க, அவசரம்னா சிங்க்ல ஐஸ் தண்ணி நிரப்பி அதுல டப்பாவை உக்கார வச்சு கலக்குங்க, சட்டுன்னு ஆறிரும்.

ஃப்ரிட்ஜ்ல 3, 4 நாள் தாங்கும். ஃப்ரீசர்ல ரெண்டு மூணு மாசம் ருசி குறையாம இருக்கும், ஆனா உருளையும் நூடுல்ஸும் போடாத சூப்பா எடுத்து வைங்க, உறைஞ்சு இளகினா உருளை மாவு மாவா ஆயிரும். உறையுறப்ப தண்ணி விரியும், டப்பாவை முட்ட ஊத்தாம மேல ரெண்டு விரல் இடம் விடுங்க, கண்ணாடி பாட்டில்ல இதை மறந்தா வெடிச்சிரும். டப்பா மேல தேதியும் எழுதி ஒட்டிருங்க. திரும்ப சூடு பண்றப்ப வேண்டிய அளவை மட்டும் எடுத்து நல்லா கொதி வர்ற வரைக்கும் வைங்க, முழு டப்பாவையும் திரும்பத் திரும்ப சூடு பண்ணி ஆறவிட்டு வைக்காதீங்க.

வேற நாள் சமையல்ல மிஞ்சுற கோழி எலும்பு, இறக்கை நுனி, கேரட் நுனி, கொத்தமல்லித் தண்டு இதையெல்லாம் ஒரு கவர்ல போட்டு ஃப்ரீசர்ல சேர்த்துட்டே வாங்க. யாரோ கடிச்சுப் போட்ட எலும்பு வேணாம், சமைக்கிறப்ப ஒதுங்குறது மட்டும். கவர் நிறைஞ்சதும் அதை வச்சே அடுத்த சூப்புக்கு தண்ணி வச்சிரலாம், அப்ப கறிக்குன்னு தொடை நாலு வாங்கினா போதும்.